வேதியியல் வகுப்புக்கு வெளியே

ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த பெற்றோர் யார் வந்து நின்றாலும் பள்ளி அலுவலகத்தில் மாணவி யாரெலியைத்தான் கூப்பிடுவார்கள். காய்ச்சல், சண்டை, வராத பேருந்து எல்லாவற்றையும் அவள் ஆங்கிலத்தில் சொல்லி, பதிலை ஸ்பானிஷில் சொல்வாள். பிறகு தன் வகுப்புக்குப் போவாள். அது ஆங்கிலம் போதாதவர்களுக்கான வகுப்பு.

கலிபோர்னியாவில், திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய இந்த ஊரிலேயே பிறந்தவள். ஐந்து வயதில் இதே பள்ளியில் சேர்த்தபோது, வீட்டில் என்ன மொழி என்று கேட்டார்கள். அம்மா எவாங்கெலினா உள்ளதைச் சொன்னாள். ஆங்கிலம் போதாதவள் என்று அன்று விழுந்த முத்திரை பதினாறு வயதிலும் போகவில்லை. போக்குவதற்கு ஆண்டுதோறும் ஒரு தேர்வு உண்டு. போன தடவை அவள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தபோது, கை முறிந்த ஒரு பையனின் அப்பாவிடம் பேச ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள். போனாள். கட்டுரை பாதியில் நின்றது.

அந்த வகுப்பும் வேதியியலும் ஒரே நேரத்தில். நர்ஸ் படிப்புக்கு வேதியியல் வேண்டும்.

அம்மா திராட்சைப் பறிப்பை விட்டுவிட்டு, தூசிக்குக் கட்டும் முகத்துணி கழுத்தில் தொங்க, ஆலோசகர் ஹான்லியைப் பார்க்க வந்தாள். நடுவில் மொழிபெயர்க்க யாரெலி உட்கார்ந்தாள்.

"நீ இங்கிலீஷ் பேசறத அவங்களே கேக்குறாங்கல்ல. அப்புறம் எதுக்கு அந்த வகுப்பு? கேளு கண்ணு," என்றாள் அம்மா.

கேட்டாள்.

"யாரெலி இல்லாம எங்க ஆபீஸே ஓடாது," என்றாள் ஹான்லி. "ஆனா தேர்வுல தேறணுமே. அடுத்த வருஷம் பாக்கலாம்னு அம்மாகிட்ட சொல்லும்மா."

சொன்னாள்.

"அது கடைசி வருஷமாச்சே. நீ சரியாத்தான் சொல்றியா?"

"சரியாத்தான்மா சொல்றேன். எனக்கு இங்கிலீஷ் போதாதாம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதையும் நீதான எனக்குப் புரியவைக்க வேண்டியிருக்கு."

கதவைத் திறந்து அலுவலகப் பெண் எட்டிப் பார்த்தாள். "யாரெலி, ஒரு நிமிஷம் வா."

மழலை வகுப்பில் சேர்க்க மகளைக் கூட்டிக்கொண்டு ஒருத்தி வந்திருந்தாள்.

"வீட்ல என்ன பாஷைன்னு கேளு."

யாரெலி முதலில் சிறுமியிடம் ஆங்கிலத்தில் பெயரைக் கேட்டாள். அது விழித்து, தாயின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்தது. வீட்டில் ஆங்கிலம் என்று சொல்லிவிட்டால் குழந்தை வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும்.

தாயிடம் கேட்டாள்.

"ஸ்பானிஷ்தான். வேற என்ன?"

"ஸ்பானிஷ்," என்றாள் யாரெலி அலுவலகப் பெண்ணிடம். பிறகு அந்தத் தாயிடம் திரும்பினாள். "அக்கா, இவளுக்கு இங்கிலீஷ் போதுமான்னு வருஷா வருஷம் தேர்வு வைப்பாங்க. அன்னைக்கு யாரு கூப்பிட்டாலும் எந்திரிச்சுப் போகக் கூடாதுன்னு இப்பவே சொல்லி வளருங்க."

"இவ்வளவு நீளமா என்ன சொன்ன?" என்றாள் அலுவலகப் பெண்.

"பள்ளிக்கூடத்துக்கு வாங்கன்னு சொன்னேன்."