கனிவுடன் தவிர்க்கவும்

போன ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால், ஸ்வீட் பாக்ஸோடு மகாலட்சுமி. எங்கள் இரும்புலியூர் ஃப்ளாட்டில் பத்து வருடமாக வீட்டு வேலை செய்யும் தேவி அக்காவின் மகள்.

"சார், லா முடிச்சிட்டேன். அடுத்த மாசம் வக்கீலா என்ரோல்மென்ட்!"

எனக்கு ஒரே குஷி. அவள் ஜெயித்துவிட்டாள் என்பதற்காக மட்டும் என்று சொன்னால் பொய். இந்த வாரப் பத்திக்கு மேட்டர் கிடைத்துவிட்டதே... உங்களிடம் மறைப்பானேன்?

கஷ்டத்துக்கா பஞ்சம்? அவள் அப்பா கொத்தனார். கூடுவாஞ்சேரியில் சாரத்திலிருந்து விழுந்து, படுத்த படுக்கை. வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரி கையை விரித்துவிட்டார். மகாலட்சுமி சாயங்காலங்களில் தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் நின்று வேலை பார்த்து, ரயிலில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து படித்தவள்.

பேனாவும் நோட்டுமாக உட்கார்ந்தேன். "லா படிக்கணும்னு எப்படிம்மா தோணிச்சு? அப்பாவுக்கு நடந்த அநியாயத்தாலயா?"

"அதுவும்தான் சார். ஆனா மொதல்ல தோணினது உங்க எழுத்தைப் படிச்சுத்தான்."

காலர் தானாகத் தூக்கிக்கொண்டது. எந்தக் கட்டுரை என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"கட்டுரை இல்ல சார். கீழ லிஃப்ட் பக்கத்துல ஒட்டியிருக்கே... அந்த நோட்டீஸ்."

நான் அசோசியேஷன் செக்ரட்டரியாக இருந்தபோது எழுதியது. 'வீட்டுப் பணியாளர்கள் லிஃப்டைப் பயன்படுத்துவதைக் கனிவுடன் தவிர்க்கவும்.' அந்தக் 'கனிவுடன்' என் சொந்தச் சரக்கு. கமிட்டியில் பாராட்டினார்கள் — எழுத்தாளர் என்றால் சும்மாவா!

"அப்போ நான் டென்த் சார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. 'இன்னாடி எழுதிகீது?'ன்னு கேட்டுச்சு. 'லிஃப்ட் ரிப்பேராம்மா'ன்னு சொல்லிட்டேன். அப்புறம் வாட்ச்மேன் சொல்லித்தான் அதுக்குத் தெரியும். இப்படியெல்லாம் எழுதி ஒட்ட சட்டத்துல இடம் இருக்கான்னு அன்னிக்குத் தேட ஆரம்பிச்சேன்."

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. கையில் எடுத்த மைசூர்பாகை பாக்ஸிலேயே திரும்ப வைத்தேன்.

இதே பக்கத்தில் எத்தனை தடவை சமத்துவம் பேசியிருக்கிறேன்! செக்ரட்டரி பதவி போய் வருடக்கணக்காகிறது. தினமும் அந்த நோட்டீஸ் முன்னால் நின்றுதான் லிஃப்டுக்குக் காத்திருக்கிறேன். ஒரு நாளாவது உறுத்தியதா? வெட்கமாக இருக்கிறது. மரியாதையான வார்த்தைகளில் அவமானப்படுத்தினால், செய்கிறவனுக்கு அது அவமானமாகவே தெரிவதில்லை போலிருக்கிறது.

அவள் போனதும் கீழே இறங்கி, வீட்டுச் சாவியால் நோட்டீஸைச் சுரண்டி எடுத்தேன். கமிட்டி கேட்டால் கேட்கட்டும்.

திங்கட்கிழமை காலை தேவி அக்கா வரும்வரை லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, இதுலயே வாங்க."

"இருக்கட்டும் சார். பழகிப்போச்சு. நீங்க போங்க."

நாலு மாடி. நானும் அவர் பின்னாலேயே படியேறினேன். இரண்டாவது மாடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது...

மேல் படியில் நின்று, எனக்காகக் காத்திருந்தார்.