ஆடியில் வந்த பி.ஆர். விசாரணை

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு என் கைப்பேசி அடித்தது. நான் வீட்டில் இல்லை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, வாழைப்பூவும் எலுமிச்சம்பழமும் வாங்க மாட வீதிக்குப் போயிருந்தேன். என் மனைவி எடுத்துப் பேசினாள். எல்லாம் கோணலாகப் போக ஆரம்பித்தது அந்த நிமிஷத்தில்தான்.

நான் பையோடு உள்ளே நுழைந்தபோது அவள் பூரிப்பாக இருந்தாள்.

"ஏங்க, கனடா தூதரகத்துக்காரங்க கூப்பிட்டாங்க. நம்ம பொண்ணோட பி.ஆர். விஷயமா. நானே எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டேன்."

எங்கள் ஒரே மகளின் கணவர் டொராண்டோவில் வளர்ந்த தமிழர், அந்த நாட்டுக் குடிமகன். சென்னையில் வேலைக்கு வந்த இடத்தில் இருவருக்கும் பிடித்துப்போயிற்று. போன வருஷமே பதிவுத் திருமணம் செய்து, மனைவி என்ற முறையில் அவளுக்கு பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட்டார்கள். அவருடைய பெற்றோர் வர முடிந்த இந்த வைகாசியில் தாலி கட்டி, அடையாற்றில் குடித்தனம் வைத்தோம். ஜோடிப் படங்கள், வாடகை ஒப்பந்தம், கேஸ் பில் எல்லாவற்றையும் அனுப்பினார்கள். கூடவே, "என் மகளும் மருமகனும் ஒரே வீட்டில் மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள்" என்று நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, என் போன் நம்பரையும் கொடுத்திருந்தேன்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"ஒருத்தர் இங்கிலீஷ்ல கேட்டாரு. ஒரு பொண்ணு அதைத் தமிழ்ல சொல்லிச்சு. இலங்கைத் தமிழ், கேக்கவே அழகா இருந்துச்சு. 'அம்மா, உங்கட மகள் இப்ப எங்க இருக்கிறா?'ன்னுச்சு. எங்க வீட்லதான்னேன்."

"சரி."

"அவ புருஷன் எங்கன்னாங்க. அவர் அடையார்ல இருக்காருன்னேன். ஏன் தனித்தனியா இருக்காங்கன்னு கேட்டாங்க. நாங்கதான் கூட்டிட்டு வந்துட்டோம், இந்த மாசம் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் சேரவே கூடாதுன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன்?"

உள்ளதுதான். தலை ஆடி என்று மகளை மயிலாப்பூருக்கு அழைத்து வந்திருந்தோம். டொராண்டோவிலிருந்து சம்பந்தியம்மாளும் வீடியோவில், "எங்க வீட்லயும் அதாங்க முறை" என்று சம்மதம் சொன்னார். அந்த விண்ணப்பத்துக்கும் இந்த ஆடிக்கும் முடிச்சு விழும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஆடின்னா என்னன்னு விளக்கினியா?"

"அது தமிழ்ப் பொண்ணுங்க. அதுக்குத் தெரியாதா?"

உள்ளறையில் ஆபீஸ் வேலையாக இருந்த மகள், கழுத்தில் ஹெட்போன் தொங்க வெளியே வந்தாள்.

"அம்மா, மொழிபெயர்க்கறவங்க நீ சொன்னதை மட்டும்தான் சொல்லணும். சொந்தமா ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. அந்த ஆபீசர் காதுல என்ன விழுந்திருக்கும்? கல்யாணமான ரெண்டு மாசத்துல பெத்தவங்க பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்க, சேரவிடமாட்டேங்கறாங்கன்னுதானே?"

பி.ஆர். பேப்பருக்காகக் கல்யாணம் செய்கிறவர்களைப் பிடிக்கத்தான் இப்படிச் சொல்லாமல் கூப்பிடுவார்களாம். மறுத்துவிட்டால் மேல்முறையீடு, அது எத்தனை வருஷம் இழுக்கும் என்று தெரியாது. செப்டம்பர் கடைசியில் இங்கத்திய வேலை முடிந்து மருமகன் கனடா திரும்பியாக வேண்டும். இவள் இங்கே, அவர் அங்கே.

மருமகனைக் கூப்பிட்டேன். வேறு அழைப்பில் இருக்கிறார் என்று வந்தது. மறுபடியும் அதுவே.

"கிளம்பு, அடையாறுக்குப் போலாம்" என்றேன் மகளிடம்.

"ஆடி வெள்ளியும் அதுவுமா எப்படிங்க அனுப்பறது?" என்று மனைவி வாசலை மறித்து நின்றாள். அவளை ஒதுக்கிவிட்டுச் செருப்பை மாட்டினேன். மகள் லேப்டாப் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மந்தைவெளி தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. மெட்ரோவுக்காகத் தோண்டிப் பாதி சாலையை அடைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் மஞ்சள் புடவைப் பெண்கள் பால்குடத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். ஆட்டோவுக்குள் நானும் மகளும் மாறி மாறிக் கத்தியதை எல்லாம் ஓட்டுநர் கேட்டுக்கொண்டே வந்தார்.

"இன்னா சார், ஆடி மாசத்துல பொண்ண மாப்ள வூட்டுக்கு இட்னு போறியே?"

"நீங்க ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

"அட, கோச்சிக்காத சார். போன வருசம் என் மருமவன் ரெண்டு கிலோ மாம்பயம் தூக்கினு வந்தான். என் பொண்டாட்டி மாம்பயத்த வாங்கினு அவன கேட்டாண்டயே நிக்க வெச்சி அனுப்பிட்ச்சி. நீ இன்னாடான்னா டோர் டெலிவரி பண்ற!"

மகள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் மருமகனின் நம்பரை அடிப்பதை நிறுத்தவில்லை.

அடையாறு வீட்டில் மணி அடித்ததும் மருமகன் கதவைத் திறந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"மாமா, இப்பதான் போனை வச்சாங்க. என்னைக் குடைஞ்சு எடுத்துட்டாங்க. அத்தை என்ன சொன்னாங்க? நாங்க பிரிஞ்சுட்டோம்னே நினைச்சுட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் என் மகளைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"மனைவியைக் கடைசியா எப்ப பார்த்தீங்கன்னு கேட்டாங்க. நேத்து சாயங்காலம்னு சொல்லிட்டேன். சாரி மாமா."

"நேத்தா? எங்க?"

"பெசன்ட் நகர் பீச்ல."

"நேத்து மட்டுமா?"

"ஆடி ஒண்ணுலேருந்தே, மாமா."

ஜிம்முக்குப் போகிறேன் என்று மகள் தினமும் சாயங்காலம் கிளம்பியது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் தன் போனை நீட்டினார். படம் படமாக இருந்தது. ஒன்றில் மகள் மிளகாய் பஜ்ஜியைக் கடித்துவிட்டுக் கண்ணில் நீரோடு நிற்கிறாள். இன்னொன்றில் அலை மருமகனின் செருப்பை இழுத்துப் போகிறது. எல்லாவற்றையும் தேதியோடு அதிகாரிக்கு அனுப்பிவிட்டாராம். நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கோ அந்தப் பிள்ளையைத் தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது.

அதற்குள் என் போன் அடித்தது. நம்பர் தெரியவில்லை. மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐயா, ரெண்டு பேரும் ஒண்டா இருக்கினம் எண்டு எழுதித் தந்திருக்கிறியள்" என்றது அந்த இலங்கைக் குரல். "உங்கட மனைவி சேரக் கூடாது எண்டு சொல்லுறா. என்ன காரணம்?"

மகளை எதிரில் வைத்துக்கொண்டு எந்தத் தகப்பன் இதற்குப் பதில் சொல்வான்?

"அது... ஆடியில சேர்ந்தா, சித்திரையில குழந்தை பொறக்கும். சித்திரையில எங்க ஊர்ல வெயில் ஜாஸ்தி. தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாதுன்னு, முதல் ஆடியில மட்டும் பொண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவோம். சண்டை எதுவும் இல்லைங்க."

மருமகன் அடுக்களைக்குள் போய்விட்டார். மகள் சோபாத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தக் குரல் கொஞ்சமும் பிசகாமல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னது, வெயில் உட்பட.

"இப்ப மகள் உங்களோடயா இருக்கிறா?"

"இல்லீங்க. அடையாறுல, அவ புருஷன் வீட்ல."

"அப்ப ஆடி முடிஞ்சிட்டுதோ?"

"முடியலைங்க. இவங்க ரெண்டு பேரும் எங்களுக்குத் தெரியாம தினம் பீச்சுல சந்திச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. எனக்கே இப்பதான் தெரியும்."

அதை மொழிபெயர்க்கும்போது பாதியில் அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. "மன்னிக்க வேணும்" என்று சொல்லிச் சிரித்தேவிட்டாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு சிரிப்பும் கேட்டது, அதிகாரியுடையது. கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

ஆவணியில் அனுமதி வந்துவிட்டது. ஆனாலும் இதை எழுதும் இன்றைக்கும், தெரியாத நம்பர் அடித்தால் என் மனைவிக்கு முன்னால் ஓடிப்போய் எடுக்கிறேன். அன்று அனுமதி வரும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும், காரணமில்லாமல் சிரிப்பதும், "சிரிச்சாங்கதானே, நல்லதுதானே?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதுமாக உட்கார்ந்திருந்தோம்.

அப்போது வாசலில் மணி அடித்தது. என் மனைவி. ஒரு கையில் மகளின் சூட்கேஸ், கக்கத்தில் அவளுடைய தலையணை. மூச்சு வாங்கியது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே மருமகனிடம் போய் நின்றாள்.

"மாப்ள, இவங்க கிளம்பினதும் யோசிச்சேன். சித்திரை வெயிலுக்குப் பயந்துதானே இந்த ஆடி? பிள்ளை பொறக்கப்போறது உங்க ஊர்லதானே, அங்க சித்திரையிலயும் பனி கொட்டும்னு உங்கம்மா சொல்லியிருக்காங்க. இவளை இங்கயே வச்சுக்குங்க. அந்த ஆபீசர் கூப்பிட்டா எங்கிட்ட குடுங்க, நானே சொல்லிக்கிறேன்."