பறவைக் கணக்கை நான் அழித்தது

எங்கள் தெருவை ஒட்டிய குளத்துக்குத் தாமிரபரணிக் கால்வாயில் தண்ணீர் வருகிறது. ஓய்வுபெற்ற நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு காலைகளில் அங்கே பறவைகளை எண்ணுவோம். நான் கல்லூரியில் கணிதம் கற்பித்தவன். ஒருநாள் நான் எண்ணி எழுதிய சீட்டைப் பார்த்து, தபால் நிலையத்தில் வேலை பார்த்த நண்பர் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

“ஏன்வே, கெழக்க இருந்து மேக்க பறந்து போன நீர்க்காகத்தையே திரும்பவும் எண்ணி வச்சிருக்கீரு! கணக்கு வாத்தியாருக்கு எண்ணத் தெரியலயே!”

அவர் சொன்னது சரி. அதனால்தான் பொறுக்கவில்லை. மறுவாரம் டீக்கடைக்காரர், “அண்ணாச்சிக்கு டீ ஒண்ணா ரெண்டா? பாத்து எண்ணிச் சொல்லுங்க” என்றார். நான் கடையை மாற்றினேன். குளத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. காத்திருந்தேன்.

எல்லாருடைய சீட்டுகளையும் நண்பர்தான் வாங்கித் தன் செல்போனில் ஏற்றுவார், பிறகு கிழித்துவிடுவார். வெளியூரில் இருக்கும் அவர் மகள் செய்துகொடுத்த சிறு செயலி அது, பிரவுசரில் திறக்கும். ‘சேமி’ என்றால் எண்கள் அந்த போனின் பிரவுசருக்குள்ளேயே தங்கும். திறந்தால் அங்கிருந்தே திரும்ப வரும். வேறெங்கும் நகல் கிடையாது. மாதம் ஒருமுறை கோப்பாக இறக்கிவைக்கச் சொல்லியிருந்தாள் மகள். “சேமின்னு அமுக்கியாச்சுல்லா, போய்ச் சேந்திருக்கும்” என்பார், முப்பது வருடம் தபால் பிரித்தவர். எங்கும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அப்போது குளத்தின் மேற்குக் கரையில் கடை கட்ட மண் கொட்டத் தொடங்கினார்கள். அதை எதிர்த்து நாங்கள் கொடுத்த மனுவை விசாரிக்கப் புதன்கிழமை அதிகாரி வருவதாக இருந்தது. ஆறு வருடப் பறவைக் கணக்குதான் எங்களுக்கிருந்த ஒரே ஆதாரம். திங்களன்று நண்பர் போனை நீட்டினார்.

“ரொம்பப் பைய ஓடுதுவே. நீரு படிச்சவரு, என்னன்னு பாரும்.”

பிரவுசர் அமைப்புகளில், சேமித்ததையெல்லாம் சேர்த்துத் தளங்களின் தரவை அழிக்கும் இடத்துக்குப் போனேன். நிச்சயமா என்று கேட்டது. அழுத்தினேன். கைதவறி அல்ல. “இனி வேகமா ஓடும்” என்று திருப்பிக் கொடுத்தேன்.

புதன்கிழமை அவர் அதிகாரி முன் செயலியைத் திறந்தார். வெறும் கட்டங்கள். மூடினார், திறந்தார். மறுபடியும் மூடித் திறந்தார். “நூத்தி எழுவது கூழைக்கடா சார், போன தையில. இதுக்குள்ளதான் இருந்துச்சு.”

“வாய்க்கணக்க நான் எப்படி எழுத, பெரியவரே?”

நண்பர் வெறும் கட்டங்களையே விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். தள்ளி நின்று ரசித்தேன்.

மேற்குக் கரையில் இப்போது கடைகள். கூழைக்கடாக்கள் அந்தப் பக்கம் இறங்குவதில்லை. “ஏதோ நான்தான் தப்பா அமுக்கிட்டேன் போல” என்று அவர் என்னிடமே வருத்தப்பட்டார். “இனி அழியாத மாதிரி நீரே பாத்துக்கிடும்வே.” வாரந்தோறும் கோப்பை இறக்கி மகளுக்கு அனுப்புவது இப்போது என் வேலை. அந்த ஆறு வருடம் அதில் இல்லை.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவர் படிக்க வேண்டும். இரண்டு ஞாயிறுகள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அவரோடு கரையில் நடந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.