ஜெராக்ஸ் அக்காவின் ஒரு வரி

பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக நின்று வாதாடுகிற மாதிரி ஐ.நா. மன்றத்தை எங்கள் பள்ளியில் தொடங்கியவள் நான்தான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஜெராக்ஸ் அக்காவைப் பற்றிச் சொன்னால் ஏன் என்று புரியும்.

மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கேதான் அக்காவுக்கு ஆறு வருடமாக வேலை. கேள்வித்தாள், சுற்றறிக்கை, சான்றிதழ் எல்லாம் அவர் கைபட்டுத்தான் வெளியே போகும். இயந்திரத்தில் தாள் சிக்கினால் டீச்சர்கள் நாங்கள் அதைத் தட்டுவோம், திட்டுவோம். அவர் பக்கக் கதவைத் திறந்து, கிழியாமல் உருவி எடுப்பார். அதிர்ந்து பேசாத மனுஷி. நான் அப்படியில்லை, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிற ஜென்மம்.

அவர் கணவர் வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போனவர், சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். 'விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு' என்று அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த வரியை நீக்கச் சொல்லி அக்கா மாதம் தவறாமல் மனு அனுப்பினார். மனுவோடு வைக்கும் அந்தக் கடிதத்தின் நகலுக்குத் தாளைக்கூட வீட்டிலிருந்துதான் கொண்டுவருவார்.

"எனக்குப் பணம் காசெல்லாம் வேணாம் டீச்சர். பதினெட்டு வருஷம் சாரத்துல ஏறி இறங்கின மனுஷன். அவரைப் போய்க் கவனமில்லாதவர்னு எழுதிட்டாங்களே, வயிறு எரியுது. அந்த ஒரு வரியை அடிச்சிட்டாப் போதும்."

நானும் உச்சுக் கொட்டுவேன். எந்த நாடு என்று ஒரு நாளாவது கேட்டேனா? இல்லை.

பெரிய பள்ளி ஒன்றிலிருந்து மாதிரி ஐ.நா. மாநாட்டுக்கு அழைப்பு வந்தபோது எனக்கு இந்த விஷயத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்துப் பிள்ளைகளோடு குத்துமதிப்பாகத் தொடங்கினேன். முதல் ஒத்திகையில் ஒருவன் கழிப்பறைக்குப் போகத் தீர்மானம் கொண்டுவந்தான், மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து அதைத் தோற்கடித்தார்கள். பாவம், நெளிந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். இரண்டு விதிகளை மட்டும் அவர்கள் மண்டையில் அடித்து ஏற்றினேன். 'நான்' என்று சொல்லக் கூடாது, 'எங்கள் நாடு' என்றுதான் சொல்ல வேண்டும். சொந்தக் கருத்தும் கூடாது, அந்த நாடு என்ன சொல்லுமோ அதுதான்.

விவாதப் பொருள், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாதுகாப்பு. நாடுகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டேன். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி, பத்தாம் வகுப்பு படித்த அக்காவின் மகள், தன் சீட்டைப் பிரித்துவிட்டு அப்படியே நின்றாள்.

"மிஸ், எனக்கு வேற நாடு தருவீங்களா?"

"எடுத்தா எடுத்ததுதான். பிடிக்கலைன்னா மாத்திக் கொடுக்க இது என்ன துணிக்கடையா?"

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் வாயில் கொள்ளியைத்தான் வைக்க வேண்டும். அவள் சீட்டை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

ஒவ்வொருவரும் தங்கள் நாட்டின் நிலைப்பாட்டை ஒரு பக்கத்தில் எழுதி, நாற்பது பிரதி கொண்டுபோக வேண்டும். அந்தத் தாள்கட்டைப் படித்துக்கூடப் பார்க்காமல் அக்காவிடம் கொடுத்தேன். சாயங்காலம் எல்லாவற்றையும் அடுக்கிக் கொண்டுவந்தார்.

"டீச்சர், இது எம் பொண்ணு எழுதினதா?"

"ஆமாக்கா. கெட்டிக்காரி, நல்லா எழுதியிருப்பா."

"ம்" என்றார்.

மாநாட்டுக்கு அக்காவும் வந்து, கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகளின் முறை வந்தது. குரல் நடுங்காமல் பேசினாள். எதிர்வரிசைப் பையன் ஒருவன் தன் நாட்டின் பெயர்ப்பலகையைத் தூக்கி, செத்துப்போனவர்களின் குடும்பத்துக்கு உங்கள் நாட்டின் பதில் என்ன என்று கேட்டான்.

"எங்கள் நாடு அந்தக் குடும்பங்களுக்கு ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவிக்கிறது. பாதுகாப்பு பெல்ட் வழங்கப்பட்டிருந்தது. அதை அணியாதது தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் சீட்டில் வந்தது அவள் அப்பா விழுந்து இறந்த அதே நாடு. மண்டபமே கைதட்டியது. சிறந்த பேச்சாளர் பரிசும் அவளுக்கே கிடைத்தது.

சான்றிதழோடு வெளியே வந்தவள் என்னைத்தான் பார்த்தாள், அம்மாவைப் பார்க்கவில்லை. "அந்த நாடு என்ன சொல்லுமோ அதையேதான் சொன்னேன் மிஸ். நீங்க சொன்ன மாதிரியே" என்றவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டாள்.

"எனக்குத் தெரியாமப் போச்சுக்கா, மன்னிச்சிடுங்க" என்றேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"விடுங்க டீச்சர். காகிதத்துல படிக்கிறப்பெல்லாம் பொய்யின்னுதான் தோணும். இவ வாயால கேட்டப்ப..." மகள் ஏறிய பேருந்தைப் பார்த்தார். "ஒருவேளை பெல்ட் போட்டிருக்க மாட்டாரோன்னு எனக்கே தோணிடுச்சு."

அடுத்த மாதம் அவர் மனுவுக்கு நகல் எடுக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. பொறுக்க முடியாமல் நானே ஒரு தாளை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன்.

"மனு அனுப்பலையாக்கா? நான் எழுதித் தரேன், சொல்லுங்க."

அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னன்னு எழுதுவீங்க டீச்சர்?" என்று கேட்டார்.