ஒன்பதாம் நம்பர் சப்பாத்து

கட்டாரிலிருந்து நான் திரும்பிய அன்று, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என் பெட்டி மட்டும் வரவில்லை. சுற்றிக்கொண்டிருந்த பட்டை நின்றுவிட்டது. மேசையிலிருந்த பெண் என்னைச் "சேர்" என்று அழைத்து, கதிரையில் இருத்தி, ஒரு படிவத்தை நிரப்பினாள். நிறம், நீளம், பூட்டு, அடையாளம். உள்ளே என்ன என்றபோது முதலில் சப்பாத்தைத்தான் சொன்னேன். கறுப்புத் தோல், ஒன்பதாம் நம்பர். தம்பி கொப்பித் தாளில் காலை வைத்துப் பென்சிலால் கோடிழுத்து அனுப்பியிருந்தான். அந்தத் தாளோடு கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. கடைசியில் இலக்கம் போட்ட துண்டொன்றைத் தந்தாள்.

வீட்டில் தம்பி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பெட்டிக்கும் அடையாள அட்டை குடுத்திரிக்கானுகள்" என்று சிரித்தான்.

நான் வந்த மூன்றாம் கிழமை, வாவிக்கரையிலிருந்த எங்கள் ஊரை ராணுவத்தார் சுற்றி வளைத்தார்கள். ஆண்களெல்லாம் வரிசையில் நின்றோம். முகமூடி போட்ட ஒருவன் தம்பியைப் பார்த்துத் தலையாட்டினான். எனக்கு ஆட்டவில்லை. தம்பியை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் முகாம் வாசலில் அம்மா கேட்டது ஒன்றுதான். "என்ட மகனுக்கும் ஒரு நம்பர் துண்டு தாங்க ஐயா."

அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்றார்கள். ட்ரக் போன தடம்கூட ஒழுங்கையில் இன்னும் அழியவில்லை. வெட்கங்கெட்ட பொய்.

இரண்டு மாதத்தில் விமானக் கம்பனியின் கடிதம் வந்தது. பெட்டி வேறொரு நாட்டில் கிடந்ததாம். வருந்துகிறார்களாம். வந்து எடுத்துக்கொள்ளட்டாம். ஒரு பெட்டிக்காக நாடு நாடாகத் தேடியிருக்கிறார்கள். தம்பியை ஏற்றிய ட்ரக் போனது ஆறு கட்டை தூரம்.

புறப்படும்போது அம்மா சொன்னாள்: "வாற வழியில பெட்டியத் திறந்து பாப்பானுகள். சப்பாத்து ஆருடையதெண்டு கேட்டா, அவன்ட பேரச் சொல்லு மனே. ஆராவது ஒருத்தன் அவனக் கண்டிருப்பான். இத மட்டும் மறந்திராத."

பெட்டியை எடுத்துக்கொண்டு கொழும்பிலிருந்து திரும்பும்போது, சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சிப்பாய் ஒருவன் என் பெட்டியை ரோட்டோரம் கவிழ்த்தான். சப்பாத்தைத் தூக்கி, "இது யாரு சப்பாத்து?" என்றான்.

தம்பியின் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால், அவன் எங்கே என்பான். பிடித்துப் போனீர்கள் என்றால், ஏன் பிடித்தோம் என்பான். பிறகு நானும் அவனுடைய அண்ணன்தானே.

"என்டதான்" என்றேன்.

"போடு."

போட்டேன். நடக்கச் சொன்னான். நடந்தேன். அடிக்கொரு தடவை குதிக்கால் கழன்றது. "பெரிசு, பெரிசு" என்று அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அங்கே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதை நினைத்தால், இன்றைக்கும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியைத் திறந்து, வேறெதையும் பாராமல், சப்பாத்தை மடியில் எடுத்து வைத்தாள்.

"கேட்டானுகளா மனே?"

"ஒருத்தனும் கேக்கல்லம்மா."

புதுச் சப்பாத்தின் அடியில் ரோட்டு மண் ஒட்டியிருந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் கேட்டாள்.

"நீயா மனே போட்ட?"