கனகம் கொடுத்த பல்

"வர்றவன் எல்லாம் கேக்குறான். ஒருத்தனாவது திரும்பி வந்து இன்னா ஏதுன்னு சொல்றானா?"

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், வல்லத்தை ஒட்டிய தெரு ஒன்றில் கனகம் இதைச் சொல்லாத நாளில்லை. குழாயடியில் சொல்வாள். ரேஷன் கடை வரிசையில் சொல்வாள். ஆள் கிடைக்காவிட்டால் கட்டிப்போட்ட ஆட்டிடம் சொல்வாள். ஆடும் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கும்.

1991ஆம் வருஷம் அவள் வாய்க்கு ஓய்வே இல்லாமல் போனது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து, வெளியாள் யார் தெருவுக்குள் நுழைந்தாலும் ஊரே பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது. முதலில் போலீஸ்காரர் வந்தார். தொண்டையில் எப்போதும் சளி கட்டிய குரல்.

"ஏம்மா, க்ர்ர்ம், உங்க வூட்ல புதுசா யாருனா வந்து தங்கிக்கிறாங்களா?"

"எங்களுக்கே காலை நீட்ட எடமில்ல சார்."

அவர் போன பிறகு, தோளில் பையும் கையில் சுத்தியலுமாக ஒருவர் வந்தார். ஏரிக்கரைப் பாறையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு துண்டை உடைத்து, பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றுவது போலக் காகிதத்தில் சுற்றினார். கனகம் கிட்டே போய் நின்றாள்.

"இன்னாத்துக்கு சார் கல்லு?"

அவர் கோயில் பட்டர் போல மெதுவாகப் பேசினார். "நிலாவுல இருக்கிற கல்லோட இதை ஒப்பிட்டுப் பார்க்கிறோம்மா. ஆராய்ச்சி."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு எழுதுவோம்."

"எழுதிட்டு?"

படப்பை பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். அன்று சாயந்தரமே தெருவுக்குச் செய்தி வந்துவிட்டது: நம்ம ஏரிக்கல்லை வைத்து நிலாவில் வீடு கட்டப் போகிறார்கள், நமக்கு ஒரு திண்ணை அளவு இடம்கூடக் கிடையாது.

இவர்களுக்கெல்லாம் பிறகு, ஆடி மாதத்தில், சசிரேகா வந்தாள். மெட்ராஸில் ஆராய்ச்சி செய்கிற பெண். சுகாதார நர்ஸ் அவளைப் பால்வாடிக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். தெருப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். அவள் கேட்டதைக் கேட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அவள் கேட்டது, பிள்ளைகளுக்கு விழுந்த பால்பல்.

சசிரேகாவுக்கு ஒரு பழக்கம், எந்த வாக்கியத்தையும் அப்படியே விடமாட்டாள். "பல்லு ஒரு உண்டியல் மாதிரி, இல்லையா? உடம்புக்குள்ள போற ஈயம் கொஞ்சங்கொஞ்சமா அதுல சேரும், இல்லையா? ஈயம் சின்னப் பசங்களோட மூளையையும் நரம்பையும் கெடுக்கும், இல்லையா? பல்லை அரைச்சுப் பார்த்தா எவ்வளவு சேர்ந்திருக்குன்னு தெரிஞ்சிடும், இல்லையா?"

இல்லை என்று தெரு மனசுக்குள் சொல்லிக்கொண்டது. விழுந்த பல்லைச் சாணியில் வைத்து உருட்டிக் கூரைமேல் எறிவார்கள். அதுதான் பல்லுக்குரிய இடம். தலைமயிர், நகம், காலடி மண், பல், இதையெல்லாம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எதற்கு வாங்குவார்கள் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இன்னொரு சந்தேகம் கன்னியப்பனுடையது. அவன் கனகத்தின் புருஷன். ஒரகடம் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பழைய லாரி பேட்டரிகளை உடைத்து, உள்ளிருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டிகளாக ஊற்றுகிற இடம். அந்தத் தெருவின் ஆம்பளைகளில் பாதிப்பேருக்கு அங்கேதான் வேலை. ஷிப்ட் முடிந்து வருகிற கன்னியப்பனின் சட்டை, மயிர், புருவம் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். மகள் ரஞ்சனி ஓடிப்போய் அப்படியே அவன் மடியில் ஏறிக்கொள்வாள்.

"ஈயத்தைப் பத்திக் கேக்குதுன்னா கம்பெனிய மூட வந்துகீதுன்னு அர்த்தம்," என்றான் அவன். "இல்லாங்காட்டி நம்ம சூப்பர்வைசரே உளவு பாக்க அனுப்பிகிறான். எதுவா இருந்தாலும் நீ வாயைத் தொறக்காத."

கனகத்துக்கு உள்ளே வேறொரு கவலை. ரஞ்சனிக்கு ஏழு வயது. நேற்றுப் படித்த எழுத்து இன்று அவளுக்குப் புதுசாக இருந்தது. காரணமில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பிடித்த டம்ளர் கையிலிருந்து நழுவியது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியாயிற்று, மந்திரித்தாயிற்று. மூளை, நரம்பு என்று அந்தப் பெண் சொன்னது கனகத்தின் காதிலேயே நின்றது. தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் பல்லைக் கொடுக்கக் கூடாது.

அந்த வாரம் கூழ்வார்க்கும் திருவிழாவுக்கு உத்திரமேரூரிலிருந்து அவள் தங்கை வந்திருந்தாள். தங்கை மகன் தமிழ்வாணனுக்கு முன்பல் விழுந்தது. கனகம் அதைக் கழுவித் துடைத்து, "இது என் பொண்ணுது மேடம்" என்று சசிரேகாவின் குப்பியில் போட்டாள்.

பக்கத்து வீட்டு மண்ணாங்கட்டி அதைப் பார்த்துவிட்டான். "ஏம்மே, உன் தங்கச்சி புள்ளைக்குச் சூனியம் வெச்சா பரவால்லியா?"

"அவன் வூடு பாலாத்துக்கு அந்தாண்ட கீது. ஆத்தைத் தாண்டி மந்திரம் வேலை செய்யாது. அதுவும் இந்த வருசம் தண்ணி வேற வந்துகீது."

அன்று பொழுது சாய்வதற்குள் இந்த யோசனை தெரு முழுக்கப் பரவிவிட்டது. திருவிழாவுக்கு வந்த விருந்தாளிப் பிள்ளைகளின் வாயையெல்லாம் திறந்து பார்த்தார்கள். இன்னும் ஓர் உத்திரமேரூர்ப் பல் வந்தது, செய்யாற்றுப் பல் வந்தது. விருந்தாளி யாரும் வராத மண்ணாங்கட்டி, தன் ஆட்டுக்குட்டியின் பல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

சசிரேகா எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினாள். போனவள் போனவள்தான் என்று கனகம் ஆட்டிடம் சொன்னாள்.

புரட்டாசியில் அவள் திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. கொட்டகைக்கு லீவு என்பதால் ஆம்பளைகளும் பால்வாடி வாசலில் நின்றார்கள். சசிரேகாவின் முகம் மலர்ந்திருந்தது. "நல்ல சேதிதான் சொல்ல வந்தேன். உங்க பிள்ளைங்க பல்லுல பயப்படற அளவுக்கு ஈயம் இல்ல. கொட்டகை இவ்வளவு கிட்ட இருந்தும் இல்ல, எங்களுக்கே ஆச்சரியம், இல்லையா? ஒரே ஒரு பல்லு மட்டும் மனுஷப் பல்லு மாதிரித் தெரியல. அதை மட்டும் தள்ளி வெச்சுட்டோம்."

மண்ணாங்கட்டி வானத்தில் மேகம் பார்த்தான்.

"எல்லாத்துலயும் சுத்தமானது ரஞ்சனியோட பல்லுதான். இனி இங்க வேலை இல்ல. அடுத்த வாரம் வேற ஊருக்குப் போறோம்."

கன்னியப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். தெருவுக்கு மூச்சு வந்தது. கனகத்துக்கு மட்டும் நின்றுவிட்டது. அவள் சந்தேகப்பட்ட ஆள் திரும்பி வந்துவிட்டாள், சேதியும் சொல்லிவிட்டாள். அந்தச் சேதி தமிழ்வாணனைப் பற்றியது. இவள் இப்போது பஸ் ஏறினால், தன் பெண்ணுக்கு என்ன என்று சொல்ல இனி ஒருவரும் வரப்போவதில்லை. அன்று காலையில்கூட ரஞ்சனி பாவாடை நாடாவை முடியத் தெரியாமல் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கன்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். "வாடி வூட்டுக்கு," என்றான் மெதுவாக.

"மேடம், அது என் பொண்ணு பல்லு இல்ல."

சசிரேகாவுக்கு உடனே விளங்கவில்லை. "பின்ன யாரோடது?"

"என் தங்கச்சி புள்ளையோடது. உத்திரமேரூர்."

"அப்போ மத்தவங்க குடுத்தது?"

"அத அவங்கவங்களைக் கேளு. ஆட்டுப் பல்லு யாருதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

எல்லோரும் மண்ணாங்கட்டியைப் பார்த்தார்கள்.

சசிரேகா பையைக் கீழே வைத்தாள். "எத்தனை பேரோட உழைப்பு தெரியுமா இது? ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"நீ யாருன்னு எங்களுக்கு இன்னா தெரியும்? பல்லு வேணும்னு கேட்ட. தெரிஞ்சதும் வந்து சொல்றேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? அதைச் சொல்லியிருந்தா யோசிச்சிருப்போம்."

"சொல்லல," என்றாள் சசிரேகா. "சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல."

கனகம் வீட்டுக்குப் போய் ஏணியை எடுத்துச் சாத்தினாள். ஓலைக் கூரைமேல் ஏறி, ரஞ்சனியின் பல் பொதிந்த, காய்ந்து இறுகிய சாணி உருண்டைகளைத் தேடினாள். கீழே கன்னியப்பன் ஏணியைப் பிடித்துக்கொண்டே திட்டினான். "எறங்குடி. வேலைய வுட்டுத் தூக்கினா சோத்துக்கு இன்னா பண்ணுவ? எறங்குடின்றன்ல." ஏணியை விடவும் இல்லை, திட்டுவதை நிறுத்தவும் இல்லை.

இரண்டு உருண்டை கிடைத்தது. உடைத்து, இரண்டு பல்லையும் முந்தானையில் துடைத்தாள். ஒன்றைத்தான் சசிரேகாவின் கையில் வைத்தாள்.

"ஒண்ணு உங்கிட்ட. ஒண்ணு எங்கிட்டயே இருக்கட்டும். நீ மாத்திச் சொல்றன்னு எனக்குப் பட்டா, வேற எடத்துல குடுத்து அரைக்கச் சொல்லுவேன்."

கார்த்திகையில், மழை விட்ட ஒரு மத்தியானம் சசிரேகா வந்தாள். பால்வாடிக்குப் போகவில்லை, நேராகக் கனகத்தின் வாசலுக்கு வந்தாள். குனிந்து உட்கார்ந்து சொன்னாள். ஒரு வாக்கியத்திலும் 'இல்லையா' இல்லை.

"நிறைய இருக்கு. தமிழ்வாணன் பல்லுல இருந்ததைவிட ரொம்ப ரொம்ப அதிகம். மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு நாளைக்கே வாங்க, நான் கூட இருக்கேன். ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க. இப்போதைக்கு அவ அப்பா அந்தக் கொட்டகைத் தூசியோட வீட்டுக்குள்ள வரக்கூடாது. ஈயம் சட்டையிலதான் வருது."

கனகம் அதையும் முதலில் நம்பவில்லை. கன்னியப்பனின் சட்டையை வெள்ளை வேட்டியின் மேல் உதறிப் பார்த்தாள். படிந்த சாம்பலைப் பார்த்துவிட்டு வேட்டியை மடித்து வெளியே வைத்தாள்.

அன்றிலிருந்து கன்னியப்பன் தெருமுனைப் பம்புசெட்டில் குளித்து, துண்டோடு நடுங்கிக்கொண்டு வந்தால்தான் கதவு திறந்தது. "பொண்டாட்டியா இவ, செக்போஸ்ட்டா?" என்று முனகுவான். ரஞ்சனியின் ரத்தத்திலும் ஈயம் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு அந்த முனகலும் நின்றது. மற்ற வீட்டுக்காரிகளும் கூரை ஏறினார்கள். மண்ணாங்கட்டியும், இந்தமுறை, சொந்த மகனின் பல்லைத் தேடி ஏறினான். பிறகு ஆம்பளைகள் சேர்ந்து போய், கொட்டகையிலேயே குளிக்கத் தண்ணீரும் சட்டை மாற்ற ஒரு மறைப்பும் வேண்டும் என்று கேட்டார்கள். அதுவரை ஸ்டிரைக் செய்வோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் முதலாளிக்கு அப்படித்தான் கேட்டது.

மறுநாளே சூப்பர்வைசர் சுப்பராயன் ஷிப்டிலிருந்து நேராக மோட்டார் சைக்கிளில் வந்து கனகத்தின் வாசலில் நிறுத்தினார். அவர் பேசினால் தகரத்தில் கல் விழுவது போல இருக்கும். "இன்னாம்மா, தலைவி ஆயிட்டியா? அந்த மெட்ராஸ் பொம்பளைக்கு இன்னா சொல்லி அனுப்புன? உம் புருஷனுக்கு வேலை வேணுமா வேணாவா, இப்பவே சொல்லு."

தெரு கதவிடுக்குகளில் நின்று கேட்டது. கன்னியப்பன் துண்டோடு உள்ளே உட்கார்ந்திருந்தான், எழுந்து வரவில்லை. கனகம் சுப்பராயனின் தோளைப் பார்த்தாள், காலரைப் பார்த்தாள், சாம்பல் படிந்த புருவத்தைப் பார்த்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"வேலை வேணும் சார், தண்ணியும் வேணும். நீங்களும் இதே சட்டையோடதான வூட்டுக்குப் போறீங்க? உங்க சின்னப் பொண்ணு ஒண்ணாவது படிக்குதுன்னு சொன்னாங்க. எங்கிட்ட கத்தறத அப்பறம் வெச்சிக்கலாம். மொதல்ல போயி, அந்தப் பொண்ணைத் தூக்காம, தள்ளி நின்னு வாயைத் தொறந்து காட்டச் சொல்லுங்க. ஆடுற பல்லு இருந்தா வுழுந்ததும் எடுத்துக்கினு வாங்க. மேடம் செவ்வாக்கெழமை வருது. வேற வூட்டுப் புள்ளைங்க பல்லை மட்டும் எடுத்துக்கினு வராதீங்க சார்."