விளையாட்டு வகுப்புக்கு ஒரு கடிதம்

தென்காசியில் ஒரு கிளினிக்கில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் ஒரு வயதான அம்மா உட்காரவில்லை. சுவரோரம் நின்று குதிகால்களைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, கட்டான தோள்கள். போலீஸில் இருந்து ஓய்வுபெற்றவராம்.

என் மகளுக்கு இந்தச் சாரல் பருவத்தில் மூன்றாவது காய்ச்சல். தூக்கம் கெட்ட அசதியில், உட்கார்ந்தபடியே பேச்சுக் கொடுத்தேன்.

"உங்களுக்கு என்னம்மா?"

"சளிதான். எனக்கு வந்தா ரெண்டு நாள்ல போயிரும். பதினாறு வயசுலயே போலீஸ் செலக்சனுக்குன்னு இலஞ்சி ரோட்டுல ஓட ஆரம்பிச்சவ. அந்த ஓட்டந்தான் இப்பவும் உடம்பைத் தாங்குதுன்னு டாக்டர் சொல்லுதாரு. ஆனா எங்கூட ஓடுனவ ஒருத்தி ஆஸ்துமால கெடக்கா. என்னத்தச் சொல்ல?"

பிறகு, குல்லாவுக்குள் முகம் மட்டும் தெரிந்த என் மகளிடம் குனிந்தார்.

"ஏட்டி, பள்ளிக்கூடத்துல என்ன வெளாடுவ?"

"நான் வெளாட மாட்டேன். எல்லார் செருப்பையும் பாத்துக்கிடுவேன்."

"நல்ல டூட்டி! எங்க ஸ்டேஷன்ல சேத்துக்கிடுவாங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம்போலவே, மகளை விளையாட்டு வகுப்பில் உட்கார வைக்கும்படி ஆசிரியருக்கு எழுதிய கடிதம் என் பையில் இருந்தது.

காய்ச்சல் விட்டு ஒரு வாரமாகிறது. இன்று விளையாட்டு வகுப்பு. கடிதத்தைக் கொடுக்காமல், ஸ்வெட்டர் மட்டும் போட்டு அனுப்பிவிட்டேன். வெளியே மறுபடியும் சாரல். செய்தது சரிதானா என்று அந்த அம்மாவிடம் கேட்கலாமென்றால், பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.

இந்நேரம் என் மகளின் செருப்பை யார் பார்த்துக்கொள்கிறார்களோ.